ஜன்னலைச் சாத்திவிட்டுச் செய்த வாதம்

மேடவாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். ஒமைக்ரான் வேகமாகப் பரவிய நாட்களில், தடுப்பூசி போடாதவர்களைச் சம்மதிக்க வைக்க ஒரு கூட்டம் போட்டேன்.

"ரெண்டு ஊசி போட்டவங்களுக்கும் வருதாம். அப்புறம் எதுக்கு சார் போடணும்?" என்றார் மூன்றாவது மாடி ரகுராமன். அவருக்குச் சர்க்கரை வேறு.

"போட்டவங்க கிட்டயே வராது சார்" என்று அடித்துச் சொன்னேன். அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் டேங்கர் வந்து மோட்டாரைப் போட்டது. நான் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. எழுந்துபோய் எல்லா ஜன்னலையும் சாத்தினேன். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் வாதாடினேன். அவரும் விடவில்லை.

மூன்றாம் நாள் இருவருக்கும் காய்ச்சல். எனக்கு வீட்டிலேயே சரியாகிவிட்டது. அவருக்கு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைக்கவேண்டி வந்தது. மூச்சு சீரானதும் அவர் செய்த முதல் வேலை, எனக்கு போன் போட்டதுதான்.

"ஊசி போட்ட உங்களுக்கும் வந்துடுச்சுல்ல? நான் சொன்னது கரெக்ட்தானே?"

"வந்துச்சு சார். ஆனா நான் வீட்ல ரசம் குடிச்சிட்டுப் பேசறேன். நீங்க ஆஸ்பத்திரியில படுத்துட்டுப் பேசறீங்க."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி குறுக்கிட்டாள். "அண்ணா, ஊசியை விடுங்க. அன்னிக்கு ஜன்னலைச் சாத்தினது யாருன்னு இவரைக் கேளுங்க."

ரகுராமன் உடம்பு தேறி ஊசி போட்டுக்கொண்டார். எங்கள் கூட்டங்கள் இப்போது மொட்டை மாடியில்தான் நடக்கின்றன. டேங்கர் வந்தால், அது போகும்வரை நான் வாயைத் திறப்பதில்லை. கூட்டத்தன்று இரண்டு டேங்கராக வரவேண்டும் என்று ரகுராமன் வேண்டிக்கொள்கிறாராம்.