பார்க்கிற கூலி ஐந்நூறு

பென்சில் ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் செருப்பைக் கழற்றுவார். அடுத்து ஐந்நூறு கேட்பார். வேலைக்கு முன்பணம் அல்ல. வீட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கான கூலி. பாதிப் பேர் வாசலிலேயே சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

“பாக்கறதுக்கெல்லாமா காசு? கண்ணு உங்களோடதுதானே?”

“கண்ணு என்னோடது. வீடு உங்களோடது. நான் அரைகுறையாப் பாத்தா கஷ்டப்படறது நீங்கதான்.”

“சரி, வேலையை உங்களுக்கே கொடுத்தா இந்த ஐந்நூறைக் கழிச்சுப்பீங்களா?”

“மாட்டேன். கழிச்சா, வேலை கிடைக்கணுமேன்னு பாப்பேன். கழிக்கலன்னா, வீட்டைப் பாப்பேன்.”

வயது ஐம்பத்தேழு. எலக்ட்ரீஷியன். ஒடிசலான ஆள். காதுக்குப் பின்னால் தட்டையான பென்சில் ஒன்று எப்போதும் செருகியிருக்கும்; அதுவே பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் அவருடைய உரிமச் சீட்டில் இருக்கிறது; அதை எடுத்துப் படிக்கும் அவசரம் இதுவரை யாருக்கும் வந்ததில்லை.

ஐந்நூறு கைக்கு வந்துவிட்டால் அவர் வேறு ஆள். வீட்டுக்காரரையே ஒவ்வொரு சுவிட்சாகப் போடச் சொல்வார். பெட்டிகளைத் திறந்து ஒயரை இழுத்துப் பார்ப்பார், முகர்ந்துகூடப் பார்ப்பார். எந்த இடத்தில் என்ன வேலையோ அந்த இடத்துச் சுவரிலேயே விலையைப் பென்சிலால் எழுதிவிடுவார். வேலை முடிந்து பூச்சு விழும்வரை அந்த எண் அங்கேயே இருக்கும். ஏறாது.

விலை ஏறாது என்ற விதியைப் போட்டவர் அவருடைய மனைவி. பல வருடங்களுக்கு முன் அவர் தன் ஸ்கூட்டரை மெக்கானிக்கிடம் விட்டார். காலையில் சொன்ன தொகை மதியம் ஏறியது, மாலையில் இன்னொரு முறை ஏறியது. வண்டியை உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், நேராகக் கணவரிடம் கேட்டார்: “நீங்களும் போற வீட்டுல இப்படித்தான் பண்றீங்களா?” பென்சில் அப்படித்தான் பண்ணிக்கொண்டிருந்தார். சுவரில் விலை எழுதுவது அதற்கடுத்த வாரம் தொடங்கியது. பார்க்கிற கூலியும் அப்போதே வந்தது. சரியாகப் பார்க்காமல் ஏறாத விலை சொன்னால் எலக்ட்ரீஷியன் தெருவுக்கு வந்துவிடுவான் என்பது இரண்டே வேலைகளில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

தையல்காரம்மா அவரைக் கூப்பிட்டது ஒரு திங்கட்கிழமை.

ஆறு மாதத்துக்கு முன் அந்தப் பழைய வீட்டை வாங்கியிருந்தார். முன்னறையில் இரண்டு தையல் மெஷின்கள். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து இருநூற்று நாற்பது சீருடைக்கு ஆர்டர் வந்திருந்தது. மூன்று மெஷின் ஓடினால்தான் ஆர்டர் என்று பள்ளி அலுவலகத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அடுத்த திங்கள் வந்து பார்ப்பார்களாம். கையில் இருந்தது நாற்பதாயிரம். மூன்றாவது மெஷின், பழையதுதான், பதினெட்டு. மீதி இருபத்திரண்டில் பின்னறைக்குப் புதிதாக ஒரு லைன் இழுத்து மூன்று மெஷினும் ஒரு பெரிய இஸ்திரிப் பெட்டியும் ஓட வழி செய்ய வேண்டும். வயரிங் செலவு ஏறினால் மெஷின் வராது. மெஷின் வராவிட்டால் ஆர்டர் இல்லை.

அவருடைய தம்பி ஏற்கெனவே இரண்டு இடத்தில் விசாரித்து வைத்திருந்தார். பட்டன் தைப்பது, கணக்குப் பார்ப்பது, அக்காவோடு வாதாடுவது மூன்றும் அவர் வேலை.

“ஒருத்தர் போன்லயே பதினாலுன்னு சொல்லிட்டாரு அண்ணே. பாயிண்டுக்கு இவ்வளவுன்னு பெருக்கி அரை நிமிஷத்துல சொல்லிட்டாரு. இன்னொரு கம்பெனி முப்பத்தெட்டு. நீலச் சட்டை போட்டு ரெண்டு பேரு வந்தாங்க, கலர் கலரா பேப்பர் கொடுத்தாங்க.”

“பதினாலு சொன்னவருக்குப் போன்ல சுவரு தெரிஞ்சுதா?”

“அதெல்லாம் எதுக்கு? பாயிண்டு ஏழுன்னு சொன்னேன்.”

“போர்டுக்கும் பின்னறைக்கும் நடுவுல எத்தனை சுவரு, குழாய் இருக்கா, புதுசா வெட்டணுமா, வெட்டினதை யாரு மூடுவா, இதெல்லாம் கேட்டாரா?”

“கேக்கல.”

“அப்ப பதினாலு ஆரம்ப விலை. முடியற விலை அவருக்கே தெரியாது.”

தையல்காரம்மா தம்பியைப் பார்த்தார். “நான் சொன்னேன்ல” என்ற பார்வை அது. தம்பி பட்டன் டப்பாவை மூடினார்.

பென்சில் வழக்கம்போல வாசல் பக்கத்து மீட்டர் பெட்டியிலிருந்து ஆரம்பித்தார். கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். கதவின் உள்பக்கத்தில், மங்கிய பென்சில் எழுத்தில் பத்தொன்பது வருடத்துக்கு முந்தைய ஒரு தேதி. அதன் கீழே: ‘எர்த் சரி. பார்த்தது.’ அவருடைய கையெழுத்தேதான். ‘ர்’ மேல் வைக்கும் புள்ளியை அவர் எப்போதும் சின்ன வட்டமாகப் போடுவார்.

“இது நான் பண்ண வீடும்மா!”

குரலில் பெருமை வழிந்தது. தெரு அடையாளம் மாறியிருந்தது, முன்னால் புது கேட் வந்திருந்தது, அதனால் தெரியவில்லை. குழாய் எந்தச் சுவரில் எந்த உயரத்தில் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். தம்பி தட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது.

தையல்காரம்மா பர்ஸிலிருந்து ஐந்நூறை எடுத்தார்.

“வேண்டாம்மா, உள்ள வைங்க. என் வேலையைப் பாக்கறதுக்கு நானே கூலி வாங்கினா நல்லாவா இருக்கும்?”

பின்னறைக்கு மட்டும் போனார். அளந்தார். சுவரில் எழுதினார்: 22,000.

“பிரிச்சுச் சொல்லுங்கண்ணே” என்றார் தையல்காரம்மா.

“ஒயரும் குழாயும் எட்டு. பிரேக்கர், பெட்டி, பிளக்கெல்லாம் நாலு. என் கை வேலைக்கு ஏழு. சுவரை வெட்டி மறுபடி மூடறதுக்கு மூணு. எல்லாரும் ஒயர் விலையைத்தான் கேப்பாங்க. மூணுல ஒரு பங்குதான் ஒயரு. மத்ததெல்லாம் பிரேக்கரும் கையும் சுவரும்.”

இருபத்திரண்டு. மீதி பதினெட்டு. தையல்காரம்மா அன்று மதியமே மெஷின்காரருக்குப் போன் செய்து சனிக்கிழமை கொண்டுவரச் சொன்னார்.

வேலை செவ்வாய், புதன் இரண்டு நாளும் சீராகப் போனது. பழைய குழாயில் புது ஒயர் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. வியாழன் மதியம் எல்லாம் முடிந்து, கடைசிச் சோதனைக்குத் தன் பல்பை எடுத்தார். ஹோல்டரில் ஒரு பழைய பல்பு, அதிலிருந்து இரண்டு ஒயர். ஒரு முனையைக் கரண்ட் வரும் துளையில் வைத்து, மறு முனையை எர்த் துளையில் வைத்தால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும்.

எரியவில்லை.

பல்பைத் திருகிப் பார்த்தார். அடுத்த பிளக்கில் வைத்தார். முன்னறைக்குப் போனார், சமையலறைக்குப் போனார். எங்கேயும் எரியவில்லை. பின்பக்கத்து முற்றத்துக்குப் போனார். எர்த் கம்பி சுவரோடு இறங்கி சிமென்ட் தரைக்குள் போனது. அவர் குழி தோண்டிய காலத்தில் அங்கே சிமென்ட் இல்லை, மண்தான். ஓரத்தை உளியால் பெயர்த்தார். நான்கு விரல் ஆழத்தில் கம்பி முடிந்துவிட்டது. வெட்டுப்பட்ட முனை பச்சை பூத்திருந்தது. முன்பு இருந்தவர்கள் கார் நிறுத்தத் தரை போட்டபோது கொத்தனார் குறுக்கே இருந்ததை வெட்டி உள்ளே தள்ளிவிட்டுப் போயிருக்கிறார். எத்தனை வருடமோ.

பென்சில் அங்கேயே குந்திக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தார். விலை கணக்கெல்லாம் அவரிடம்தான் இருக்கும்.

“புதுசா எர்த் குழி போட எவ்வளவு ஆகும் இப்ப?”

“தரையை உடைச்சு மூடணுமா?”

“ஆமா.”

“ஆறரை. ஏன், சுவருல எழுதலையா?”

“எழுதல. பாக்கல. மீட்டர் பெட்டியில என் கையெழுத்து இருந்துச்சு.”

“கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு எழுதின லெட்டர்லயும் அதே கையெழுத்துதான். அதுல எழுதினதெல்லாம் நடந்துச்சா?”

“சரி, வை.”

“வைக்கறேன். ஆறரை உங்க கையிலிருந்து போகுது, தெரியுதுல்ல? ஏழுல ஆறரை. மூணு நாள் வேலைக்கு ஐந்நூறு மிச்சம்.”

தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தபோது தம்பி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். பென்சில் போனில் பேசியதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

“அண்ணே, ஒண்ணு கேக்கறேன். மெஷின் ஓடுதுல்ல?”

“ஓடும்.”

“இத்தனை வருஷமும் இப்படித்தானே இருந்திருக்கு? யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. விட்டுடலாமே. இப்ப இன்னொரு செலவுன்னா அக்கா மெஷினை வேண்டாம்னுதான் சொல்லணும்.”

“ஓடும் தம்பி. ஓடறது பெரிசில்ல. உங்க இஸ்திரிப் பெட்டி பழசாகி ஒருநாள் உள்ள ஒயர் பிஞ்சு தகட்டுல ஒட்டும். அந்தக் கரண்டு மண்ணுக்குப் போக வழி தேடும். கம்பி இருந்தா கம்பி வழியாப் போகும், பிரேக்கர் விழுந்துடும். கம்பி இல்லன்னா அக்கா கை வழியாப் போகும்.”

தையல்காரம்மா பின்னறையில் மேஜைகளை இடம் பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாவது மெஷினுக்கான மேஜை ஜன்னல் பக்கம் ஏற்கெனவே வந்துவிட்டது. பென்சில் நின்றபடியே சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. எர்த் இல்லை, குழி போட வேண்டும், ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும், அது தன் செலவு.

“சுவருல இருபத்திரண்டுன்னு எழுதினேன். அது அப்படியே இருக்கும். மெஷினை வரச் சொல்லுங்க.”

வேறு யாராவது என்றால், “பாவம், பாதி பாதி போட்டுக்கலாம்” என்று சொல்லியிருப்பார்கள். பென்சிலும் உள்ளுக்குள் கொஞ்சம் எதிர்பார்த்தார் என்றுதான் பிற்பாடு மனைவியிடம் ஒப்புக்கொண்டார். தையல்காரம்மா அளவு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்தார்.

“சரிண்ணே. சட்டைக் கையைக் குட்டையா வெட்டிட்டா நானும் துணி வாங்கித்தான் கொடுப்பேன். ஆனா எனக்கு ஒண்ணு புரியல. பழைய சட்டையைக் கொண்டுவந்து, இதே அளவுல தைங்கன்னு சொல்வாங்க. நானே தைச்ச சட்டையாத்தான் இருக்கும். அப்பவும் ஆளை நிக்க வெச்சு அளவெடுக்காம கத்தரியைத் தொட மாட்டேன். நீங்க எப்படி விட்டீங்க?”

“என் எழுத்தைப் பாத்ததும் ஒரு இது…”

“அது இல்ல. அன்னிக்கு நீங்க காசு வாங்கல. அதான் பாக்கல.”

பர்ஸைத் திறந்து ஐந்நூறை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“நாப்பதும் கணக்காப் போயிடுச்சு. இது வீட்டுச் செலவுலருந்து எடுக்கறேன். வாங்கிக்கிட்டு முழு வீட்டையும் பாருங்க. இன்னும் எதெது புதைஞ்சு கெடக்குதுன்னு எனக்குத் தெரியணும்.”

பென்சில் நோட்டைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் பார்த்தார். தம்பியை ஒவ்வொரு சுவிட்சாகப் போடச் சொன்னார். எல்லாப் பெட்டியையும் திறந்தார். முன்னறை சரி. சமையலறை சரி. குளியலறையில் ஹீட்டருக்கு யாரோ மெல்லிசு ஒயரைப் போட்டிருந்தார்கள். மேல்தோல் காய்ந்து உதிர்ந்தது. அங்கே சுவரில் எழுதினார்: 3,200.

“இதுவும் உங்க செலவா?” என்று கேட்டார் தம்பி. கொஞ்சம் தெம்பு வந்திருந்தது அவருக்கு.

“இது எனக்கு அப்புறம் வந்தவன் போட்டது. இதை நான் சொன்ன விலையில சேர்க்கல. உங்க செலவு.”

“எப்பக் கொடுக்கணும்?”

“சீருடைக் காசு வரட்டும். ஆறு மாசம் வரைக்கும் இதே விலை. அதுவரைக்கும் ஹீட்டரைத் தொடாதீங்க, அடுப்புல சுடவெச்சுக்கங்க.”

சுவிட்சைக் கழற்றி, இரண்டு ஒயரையும் துண்டித்து, டேப் சுற்றி மூடினார். சொல்லிவிட்டுப் போனால் மட்டும் போதாது என்று அவருக்குத் தெரியும்; குளிர் காலையில் எல்லோர் கையும் ஹீட்டர் சுவிட்சுக்குத்தான் போகும்.

வெள்ளிக்கிழமை தரையை உடைத்தார்கள். குழி, குழாய், கரி, உப்பு, புதுக் கம்பி. சனிக்கிழமை காலை சிமென்ட் பூசி மூடினார். இந்த முறை குழிக்குமேல் ஒரு சின்ன இரும்பு மூடி வைத்தார், அடுத்து வரும் கொத்தனார் கண்ணில் படும்படி. மதியம் மூன்றாவது மெஷின் ஆட்டோவில் வந்து இறங்கியது. கட்டுப் பிரிப்பதற்கு முன் பென்சில் பல்பை எடுத்து ஜன்னல் பக்கத்து பிளக்கில் வைத்தார்.

பல்பு பளிச்சென்று எரிந்தது. எல்லா பிளக்கிலும் எரிந்தது.

தையல்காரம்மா மூன்று மெஷினையும் ஓடவிட்டார், இஸ்திரிப் பெட்டியையும் போட்டார். ஒன்றும் விழவில்லை, ஒன்றும் மங்கவில்லை. மெஷினின் இரும்பு உடம்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு துண்டுத் துணியை எடுத்து நேராக ஒரு தையல் ஓட்டினார். பிறகு எண்ணி வைத்திருந்த இருபத்திரண்டைக் கொடுத்தார்.

பென்சில் கிளம்பும்போது மீட்டர் பெட்டியைத் திறந்தார். பழைய எழுத்தின்மேல் ஒரு கோடு இழுத்தார். கீழே அன்றைய தேதியைப் போட்டு எழுதினார்: ‘எர்த் புதுசு. பார்த்தது.’ கொஞ்சம் யோசித்து இன்னொரு வரி சேர்த்தார்: ‘இதை நம்பாதே. திறந்து பார்.’

தம்பி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

“யாருக்குண்ணே எழுதறீங்க?”

“அடுத்து வர்ற எலக்ட்ரீஷியனுக்கு.”

“அது நீங்களாவே இருந்தா?”

“அந்த ஆளுக்குத்தான் முக்கியமா.”

செருப்பைப் போட்டுக்கொண்டு, பென்சிலைக் காதில் செருகினார். உள்ளே மூன்றாவது மெஷின் ஓட ஆரம்பித்திருந்தது.