எமலிங்கத்தைத் தாண்டிய வடிவு

அண்ணாமலையார் கோயிலில் பூஜை செய்யும் உமாமகேஸ்வர குருக்கள் வீட்டுக்கு வேளை தவறாமல் பிரசாதம் வந்துவிடும். நெய் சொட்டும் சர்க்கரைப் பொங்கல், வடை, புளியோதரை. சுவாமி பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. மிச்சம் வைக்கவும் கூடாது. ஆகவே மிச்சமெல்லாம் ஒன்பது வயது வடிவாம்பாளின் இலைக்குத்தான் போயிற்று. கன்னம் உப்பியது, இடுப்பு பெருத்தது. "என்ன வளர்த்தி!" என்று தெருவே திருஷ்டி கழித்தது. பெற்றவள் மங்களாம்பிகைக்கும் அதில் பெருமைதான், மறைப்பானேன்.

வடிவின் பிறந்த நாளில் குடும்பத்தோடு மலை சுற்றுவது அவர்கள் வழக்கம். அதுவரை வண்டியில் சுற்றிய குழந்தை, ஐம்பத்தேழாம் வருஷம் நடந்து வருகிறேன் என்று கிளம்பினாள். சுற்றுப்பாதையில் எட்டு லிங்கங்கள். மூன்றாவதான எமலிங்கத்திடம் வந்ததும் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்துப் போயிருந்தது. அந்த வழியாக வந்த வண்டிக்காரன் சகாதேவனின் குதிரை வண்டியில்தான் வீடு வந்து சேர்ந்தாள்.

மங்களாம்பிகை அந்தக் குடும்பத்தில் போனவர்களை விரல் விட்டு எண்ணினாள். மாமனார் நாற்பத்தெட்டு வயதில் போனவர், மைத்துனர் நாற்பத்திரண்டு வயதில். இருவரும் பருத்த உடம்பு, இருவரும் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்கள். அந்த வீட்டில் ஐம்பதைப் பார்த்தவர் யாருமே இல்லை.

மறுநாள் காலை இலை போட்டதும் சொல்லிவிட்டாள். "ஏன்னா, இனிமே பொங்கல் மூணு விரல்ல எடுக்கற அளவுதான். குழந்தைக்கு மட்டுமில்ல, நமக்கும்."

"பிரசாதத்தைக் கொறைக்கறதாவது! அபச்சாரம்!"

"யார் கொறைக்கச் சொன்னா? அத்தனையும் நாமளே திங்கணும்னு எந்த ஆகமத்துல இருக்கு?"

ஆகமம் முழுக்கப் படித்த குருக்கள் பொங்கலை இன்னொரு கை அள்ளி இலையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலையிலிருந்து மீதிப் பிரசாதம் தூக்குப் பாத்திரத்துக்குப் போயிற்று. மங்களாம்பிகையின் ஒரு கையில் தூக்கு, மறு கையில் வடிவு. மலைப் பாதையில் உட்கார்ந்திருக்கும் சாமியார்களுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். முதல் மாதம் முதலாவதான இந்திரலிங்கம் வரை, பிறகு அடுத்த அக்னிலிங்கம் வரை. வடிவு அழுதாள், வழியிலேயே சண்டித்தனம் பண்ணினாள். பக்கத்து வீட்டு உண்ணாமுலை, "பெத்தவளா இவ? குழந்தையைப் பட்டினி போடறாளே!" என்று காது படவே பேசினாள். மங்களாம்பிகைக்கு அழுகை வந்தது. ஆனாலும் தூக்கைக் கீழே வைக்கவில்லை. குருக்கள் மட்டும் தன் பங்கை ஒரு பருக்கை குறைத்துக்கொள்ளவில்லை, நடக்கவும் வரவில்லை.

அடுத்த பிறந்த நாள் வந்தது. மூவரும் கிளம்பினார்கள். எமலிங்கத்தருகே சகாதேவன் வண்டியோடு தயாராக நின்றிருந்தான், கெட்டிக்காரன்.

"பாப்பா, ஏறிக்கோ. போன வருசம் மாதிரி ஆய்டப் போவுது."

வடிவு திரும்பிப் பார்த்தாள். அப்பா நூறடி பின்னால், இடுப்பில் கை வைத்து இரைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேண்டாம். அப்பாவை ஏத்திக்கோங்கோ."

சொல்லிவிட்டு ஓடினாள். அம்மாவே எட்டிப் பிடிக்க முடியாத ஓட்டம். மங்களாம்பிகைக்கு அன்று வந்த பெருமைக்கு முன்னால் பழைய கன்னத்துப் பெருமையெல்லாம் எந்த மூலைக்கு! எட்டாவதான ஈசானியலிங்கத்தில் மகளைக் கட்டிக்கொண்டு, பார்ப்பவர் பார்க்கட்டும் என்று அழுதாள். குருக்கள் வண்டியில்தான் வந்து இறங்கினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மறுநாள் மாலை பூஜைக்குக் கிளம்பும் முன் தூக்கை அவரே எடுத்துக்கொண்டு மலைப் பாதையில் நடந்தார்.

அறுபத்தேழாம் வருஷம் குருக்களுக்கு ஐம்பது வயது நிறைந்தது. கீழ்பென்னாத்தூரில் வாழ்க்கைப்பட்ட வடிவு கைக்குழந்தையோடு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். ஹோமம் முடிந்து, மங்களாம்பிகை பொங்கல் பாத்திரத்தோடு வந்தாள். இன்று ஒரு நாள்தானே என்று கரண்டி நிறைய அள்ளினாள்.

குருக்கள் கையால் இலையை மறைத்தார். மூன்று விரலால் கொஞ்சம் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"மீதியைத் தூக்குல போடு. வடிவு வர்றதுக்குள்ள எமலிங்கம் வரைக்கும் போய்ட்டு வந்துடறேன்."