சிவப்பாக எரிந்த சுவிட்ச்

எண்பதுகளின் நடுவில், எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு ஸ்ரீரங்கத்து வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். தைக்குள் வேலை கிடைத்தால் கல்யாணப் பேச்சை ஒரு வருடம் தள்ளிப்போடுவதாக அம்மா ஒப்புக்கொண்டிருந்தாள். கிடைக்காவிட்டால் கரூர்க்காரர்கள் பெண் பார்க்க வருவார்கள். என் தலையெழுத்து அவ்வளவு சுருக்கமாக இருந்தது.

துவாக்குடியில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ஒருவர் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். அவரிடம் வெல்டிங் கம்பிகளைக் காயவைக்கும் மூன்று மின்சார அடுப்புகள் இருந்தன. அவை நேரப்படி ஒன்றன்பின் ஒன்றாகத் தானே எரிந்து தானே அணைய வேண்டும். "செஞ்சு காட்டுங்கம்மா, வேலையில சேத்துக்கறேன்" என்றார். பெண்ணா என்று அவர் தயங்காததே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய மேடம் ஒருவர் ஒரு கம்ப்யூட்டரை இரவல் தந்தார். இன்றைக்குக் கம்ப்யூட்டர் என்றால் நினைப்பதை நினைக்காதீர்கள். ஒரே ஒரு பச்சைப் பலகை, அதில் சில்லுகள், கால்குலேட்டரில் இருப்பது போலப் பொத்தான்கள், ஆறு எழுத்து காட்டும் சின்ன டிஸ்ப்ளே. புரோகிராமை எண் எண்ணாகப் பொத்தானில் அழுத்தி ஏற்ற வேண்டும். கரண்ட் போனால் ஏற்றியதெல்லாம் போய்விடும். அதற்கு சுவிட்ச்கூடக் கிடையாது. அம்மா கூட்டும்போது ஒயரில் விளக்குமாறு சிக்கி இரண்டு முறை பிளக் கழன்று, நான் முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

அதனால் மெயின்கார்டு கேட் பக்கம் போய், உள்ளே சிவப்பு விளக்கு எரிகிற சுவிட்ச் ஒன்று வாங்கி வந்தேன். எரிந்தால் மெஷின் ஓடுகிறது, கிட்டே போகாதே என்று வீட்டில் எல்லோருக்கும் புரியுமென்பது என் மேதாவித்தனம். சுவிட்சுக்குப் பின்னால் மூன்று கால்கள். ஒன்றில் கரண்ட் உள்ளே வரும், ஒன்றில் மெஷினுக்குப் போகும், மூன்றாவது விளக்குக்கான நியூட்ரல். கடைசி இரண்டையும் மாற்றிப் பற்றவைத்துவிட்டேன். போட்டதுமே படாரென்று வீடு முழுக்க ஃப்யூஸ் போயிற்று. பொன்மலை ரயில்வே ஆபீஸில் கிளார்க்காக இருந்த அப்பா ஸ்டூல் போட்டு ஏறி ஃப்யூஸ் கம்பி மாற்றினார். இறங்கியதும், "இன்னொரு தடவை பாத்துக் கட்டும்மா" என்றார். இரண்டாவது முறை சரியாக எரிந்தது. நாங்கள் இருவரும் சின்னப் பிள்ளைகள் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பட்டறைக்காரர் ஞாயிற்றுக்கிழமை காலை பெருமாள் சேவைக்கு வரும்போது வீட்டுக்கும் வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று விடிந்ததும் புரோகிராமை ஏற்றினேன். அடுப்புக்குப் பதில் மூன்று பல்புகள். அவை சொன்னபடி எரிந்து அணைந்தன. பல்லி எதுவும் விழக்கூடாதே என்று பலகையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, அவரை அழைத்துவர தெற்கு கோபுர வாசலுக்குப் போனேன். எங்கள் சந்தில் வீட்டைப் புது ஆள் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அப்பாவுக்கு ஆகாது. நடந்துகொண்டே கையை நீட்டித் தட்டிவிட்டுப் போவார். பாத்ரூமில் ஆள் இருக்கும்போதே அணைத்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு. அந்தக் கைக்கு எதிரே, ஆளில்லாத அறையில், சிவப்பாக எரிகிற ஒரு சுவிட்சை நான் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

பட்டறைக்காரரோடு திரும்பி வந்து துண்டை எடுக்கப் போனபோது சுவிட்ச் இருண்டிருந்தது. போட்டேன். பல்பு ஒன்றும் எரியவில்லை. மறுபடி ஏற்ற ஒரு மணி நேரமாவது ஆகும். பொத்தான்களை அழுத்தி அழுத்தி, பாதியில் தப்பாகி, மறுபடி ஆரம்பித்தேன். அவர் காபியைக் குடித்து முடித்தார், வாட்சைப் பார்த்தார். "பரவால்லம்மா, அப்புறம் பாத்துக்கலாம். போயிட்டு வரேன்" என்றார்.

அவர் போனதும் அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நாந்தாம்மா அணைச்சேன். பழக்கத்துல கை போயிடுச்சு."

"ஒரு விளக்கு எரிஞ்சா பொறுக்காதாப்பா உங்களுக்கு? என் வாழ்க்கையையே அணைச்சுட்டீங்க" என்று கத்தினேன். மட்டமான வசனம். ஆனால் அதை மனதாரச் சொன்னேன், அது தைக்க வேண்டுமென்றே சொன்னேன். தைத்தது. அவர் அன்று சாப்பிடவில்லை.

பதினைந்து நாள் கழித்து யாரிடமும் சொல்லாமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறித் துவாக்குடி போனேன், இன்னொரு வாய்ப்பு கேட்க. பட்டறைக்காரர் என்னை உட்காரச் சொன்னார்.

"உங்கப்பா வந்திருந்தாரும்மா. தப்பு என்னுது, என் பொண்ணு கெட்டிக்காரின்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. அவர்கிட்ட சொல்ல மனசு வரல, உங்ககிட்ட சொல்றேன். இங்க ஒரு நாளைக்கு மூணு தடவை கரண்ட் போகுது. கரண்ட் போனா மறந்துபோற மெஷினை வெச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது? அன்னிக்கு அது ஓடியிருந்தாலும் நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்."

எனக்கு இது தெரியாததல்ல. கரண்ட் போனாலும் அழியாத சில்லில் புரோகிராமை எழுதித்தர பாலிடெக்னிக் லேபில் கருவி இருந்தது. துறைத் தலைவரிடம் போய் நின்று கேட்க வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன். சோம்பலும் கொஞ்சம் திமிரும், வேறொன்றுமில்லை. பஸ் காவேரிப் பாலம் தாண்டும்போது, வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

"எங்கேம்மா போயிருந்தே?" என்று அப்பா கேட்டார்.

"ஃப்ரெண்டு வீட்டுக்குப்பா" என்றேன்.

தையில் கல்யாணம் ஆயிற்று. கரூரில் நான் ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைத் தொட்டதே இல்லை. என்னிடம் யாரும் அதைத் தொடாதே என்று சொல்லவுமில்லை. எதையும் தொடங்குகிற தெம்பு போய்விட்டது. அந்தத் துக்கத்துக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அப்பா அதற்கு வசதியாக இருந்தார்.

சில வருடங்களில் அவர் படுத்த படுக்கையானார். பார்க்கப் போன ஒரு மதியம், அம்மா அடுக்களைக்குப் போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு மட்டும் நான் கை வெக்காம இருந்திருந்தா, நீ வேற மாதிரி இருந்திருப்பேல்ல?" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம் போதும்.

"போகட்டும் விடுங்கப்பா. நான் அதையெல்லாம் மனசுல வெச்சுக்கல" என்றேன். மன்னித்துவிட்டவள் போல அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன். அப்பாவின் கண் நிறைந்துவிட்டது. "நீ நல்லா இருக்கணும்மா" என்றார்.