வலது கைக்கு ஒரு சிலேட்டு

அந்த இ-ரீடரின் திரையில் மேல்பாதி உறைந்துபோன காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தஞ்சாவூரில் நான் டயாலிசிஸ் செய்துகொள்ளும் கூடத்தில், ஜன்னலோரப் படுக்கையில் கிடந்தபடி படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்புவதற்குப் பொத்தானை அழுத்தினேன். கீழ்ப்பாதி அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது, மேல்பாதி போகவில்லை. மேலே ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு அழத் தொடங்கியிருக்க, அடுத்த வரியிலேயே யாரோ மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தேன். கறுப்புக் கோடுகள்தான் கூடின. இடது கையில் ஊசிகள் குத்தியிருக்கும்போது எழுந்து உட்கார்ந்து எதையும் ஆராய முடியாது. கருவியை நெஞ்சின்மேல் கவிழ்த்து வைத்துக்கொண்டு, மிச்ச நேரம் முழுவதும் கூரையைப் பார்த்தபடி கிடந்தேன்.

அது நான் வாங்கியதல்ல. அடுத்த படுக்கையில் இருந்த பேராவூரணி அக்கா கொடுத்துவிட்டுப் போனது. அவருடைய பெயர் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் எழுதியிருந்தாலும், டாக்டர் உட்பட எல்லோருக்கும் அவர் பேராவூரணி அக்காதான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். தென்னந்தோப்புக் குடும்பம். வாரத்தில் மூன்று நாள், விடிவதற்கு முன் கிளம்பும் பஸ்ஸில் கணவருடன் பட்டுக்கோட்டை வழியாகத் தஞ்சாவூருக்கு வருவார். கணவர் அதிகம் பேசாதவர். மனைவியைப் படுக்கையில் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வார். அவ்வப்போது கண்ணாடிக் கதவருகே வந்து உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி பெஞ்சுக்குப் போவார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று அந்த இ-ரீடரை வாங்கி, தமிழ் நாவல்களாக நிரப்பி அனுப்பியிருந்தார். முதல் நாள் நான் அதை உற்றுப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அக்கா சொன்னார்: “சிலேட்டு தம்பி. எழுத முடியாது, படிக்கத்தான் முடியும்.” அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் அதற்குச் சிலேட்டு என்றே பெயர்.

நான் அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவன். திருமணம் செய்துகொள்ளவில்லை. சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, உடம்பிலுள்ள ரத்தத்தை மெஷின் வெளியே இழுத்துச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் அந்த நான்கு மணி நேரத்துக்கு நானும் ஆளானேன். அந்த நேரத்தில் வலி பெரிதாக இல்லை, பொழுதுதான் நகராது. இடது கையை அசைத்தால் மெஷின் கத்தும். வலது கையில் பிரஷர் பார்க்கும் பட்டை கட்டியிருக்கும், அது அவ்வப்போது தானாக இறுகித் தளரும். கைப்பேசியில் படித்தால் எனக்குக் கண் எரியும். காகிதப் புத்தகத்தை ஒற்றைக் கையால் பிரித்துப் பிடிக்கவும் முடியாது, பக்கம் திருப்பவும் முடியாது. அக்காவின் சிலேட்டு எடை இல்லாமல் இருந்தது. ஓரத்தில் பொத்தான் இருந்தது. பிடித்த கையின் கட்டைவிரலாலேயே பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

முதல் இரண்டு மணி நேரம் அக்கா படிப்பார். பிறகு சிஸ்டரைக் கூப்பிட்டு என்னிடம் கொடுக்கச் சொல்வார். இருவரும் ஒரே நாவலைப் படித்தோம். ஆனால் அந்தக் கருவி ஒரே ஒரு இடத்தைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அவர் விட்ட இடத்திலேயே எனக்குத் திறக்கும், நான் பின்னோக்கிப் புரட்டி என் இடத்தைத் தேட வேண்டும். அடையாளம் வைக்க வழி இருந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. தெரிந்த பிறகும் நாங்கள் அதைத் தொடவில்லை. ஏனென்றால் அக்கா வாயாலேயே வழி சொல்லிக் கொடுப்பார். “தம்பி, நீங்க கல்யாணத்துல நிக்கிறீங்க. நான் வளைகாப்புக்குப் போயிட்டேன். அவசரப்படாம வாங்க, ஒண்ணும் கெட்டுப்போவல.” அடுத்து என்ன நடக்கும் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார். கதையில் யாராவது சாகப்போகிறார்கள் என்றால், கொடுக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அதிலிருந்து நான் தெரிந்துகொள்வேன்.

என் வீட்டில் என்னோடு பேச யாரும் இல்லை. ஆலையில் பேச்சு எல்லாம் மூட்டைக் கணக்கு. எனக்கு அந்த நோய் வந்ததால்தான் பேச ஓர் ஆள் கிடைத்தார் என்று ஒருநாள் தோன்றியது. அதை அக்காவிடம் சொல்லவும் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. “அப்படிச் சொல்லாதீங்க தம்பி. வேற இடத்துல பாத்திருந்தாலும் பேசியிருப்போம்” என்றார். வேறு இடத்தில் நாங்கள் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

பிறகு அவருக்கு வழி பிறந்தது. கணவரின் சிறுநீரகம் பொருந்தும் என்று சோதனையில் வந்தது. சென்னையில் அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடாயிற்று. எனக்குப் பொருந்தக்கூடிய சொந்தம் யாரும் அமையவில்லை. பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறவர்களில் நானும் ஒருவன், இன்றுவரை. கடைசி நாள், மெஷினிலிருந்து கழற்றிய பிறகு அக்கா என் படுக்கையருகே வந்து நின்றார். சிலேட்டை என் வலது கையில் வைத்தார். அவர் சொன்னதை நான் ஒரு சொல்லும் மாறாமல் வைத்திருக்கிறேன்: “நான் இங்க திரும்பி வரக்கூடாதுன்னு வேண்டிக்குங்க தம்பி.”

வேண்டிக்கொண்டேன். அந்தக் கூடத்தில் ஒருவரை நேசிப்பதென்றால் அவர் முகத்தை இனி அங்கே பார்க்கக்கூடாது என்று வேண்டுவதுதான். மாற்றுச் சிறுநீரகம் வைத்தவர்களுக்கு நோய் தொற்றினால் ஆபத்து என்பதால், ஆஸ்பத்திரிப் பக்கம் சும்மா வரவே கூடாது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்க்க அவர் வர முடியாது. நல்லபடியாக முடிந்தது என்று கணவர் போனில் சொன்னார். சில மாதங்கள் கழித்து அக்காவே பேசினார். முதலில் வாரம் ஒருமுறை, அப்புறம் பொங்கலுக்கும் தீபாவளிக்கும். பேசும்போது பின்னால் மோட்டார் ஓடும், தேங்காய் உரிக்கிற ஆட்கள் எதையாவது கேட்பார்கள், அக்கா நடந்துகொண்டே பதில் சொல்வார். என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டேன். “எங்க தம்பி, உக்காரவே நேரமில்ல” என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். படுத்துக் கிடப்பவனுக்கும் நடந்துகொண்டிருப்பவருக்கும் நடுவில் பேச்சு தானாகக் குறைந்துவிடுகிறது. அதில் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை.

அந்தச் சிலேட்டுதான் உறைந்துபோனது. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் பழுது பார்க்கும் கடைகளில் காட்டினேன். இந்தத் திரை இங்கே கிடைக்காது என்றார்கள். சென்னையில் இருக்கும் அண்ணன் மகள், “போன்லயே படிங்களேன் சித்தப்பா” என்று தொடங்கி, நான் ஒத்துக்கொள்ளாததால் புதிய இ-ரீடர்களின் படங்களாக அனுப்பித் தள்ளினாள். ஒன்று தண்ணீரில் விழுந்தாலும் கெடாதாம். ஒன்றில் பேனாவால் எழுதலாமாம். ஒன்று வண்ணத்தில் தெரியுமாம். ஒற்றைக் கையால் எவ்வளவு நேரம் பிடிக்கலாம் என்று மட்டும் எதிலும் எழுதியிருக்கவில்லை. பெரும்பாலானவற்றில் பொத்தானே இல்லை, திரையைத் தொட்டுத் தள்ள வேண்டும். தஞ்சாவூர்க் கடைகளில் கையில் வாங்கிப் பார்க்கவும் ஒன்றுகூட இல்லை. எல்லாமே இரண்டு கையும் சும்மா இருப்பவர்களுக்காகச் செய்தவை என்று நினைத்துக்கொண்டேன்.

சிலேட்டு போய்விட்டது என்று அக்காவிடம் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. போன் செய்தேன். மகன் குடும்பத்தோடு லீவில் வந்திருப்பதாகவும், அவரிடம் ஒன்றும் மருமகளிடம் ஒன்றும் இருப்பதாகவும், வந்து பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யும்படியும் சொன்னார். மெஷின் இல்லாத ஒரு நாளில் பேராவூரணிக்குப் பஸ் ஏறினேன். ஒரத்தநாடு தாண்டும்வரை நடவு முடிந்த வயல்கள் கூடவே வந்தன. பிறகு தென்னை.

பஸ் ஸ்டாண்டிலிருந்து மகன் பைக்கில் கூட்டிப் போனார். வாசலில் நின்ற பெண்மணியை எனக்கு ஒரு கணம் அடையாளம் தெரியவில்லை. கூடத்தில் இருந்த அக்காவின் முகம் சாம்பல் பூத்து, உதடு வெடித்திருக்கும். இவர் கன்னம் திரண்டு, கறுத்து, பளபளவென்று இருந்தார். “வாங்க தம்பி, வெயில்ல நிக்காதீங்க” என்ற குரலில்தான் அவர் அவராக ஆனார். மகன் இரண்டு இளநீரைச் சீவி எடுத்து வந்தார். அக்கா அவர் கையிலிருந்து ஒன்றை வாங்கி ஒதுக்கி வைத்தார். “மாமாவுக்கு இது ஆகாதுப்பா” என்றார் என்னைக் காட்டி. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் இளநீர் குடிக்கக்கூடாது. இன்னொன்றைத் தானும் குடிக்கவில்லை. நான் வற்புறுத்தியும் குடிக்கவில்லை.

மகன் இரண்டு கருவிகளையும் கொண்டுவந்து கொடுத்தார். அவருடையது பெரிய திரை, எழுத்து அழகாக இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து பிடித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

“உக்காந்து பாத்தா எல்லாம் நல்லாத்தான் இருக்கும். படுத்துல்ல பாக்கணும்.”

முன்பின் அறியாத வீட்டில் நான் எப்படிப் படுப்பது என்று தயங்கிக்கொண்டிருக்கும்போதே, அவர் கருவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு அங்கிருந்த கட்டிலில் தானே படுத்தார். இடது கையை உள்ளங்கை மேலே தெரிய நீட்டி வைத்தார். யாரும் சொல்லித் தரவில்லை. அந்தக் கை தானாகப் போய் அப்படி நின்றது. ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பு முழங்கைக்குக் கீழே அப்படியே முறுக்கிக் கிடந்தது. வலது கையால் கருவியைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்தார். கூடத்தில் பார்த்த அதே கிடை. மகனுக்கு எதுவும் புரியவில்லை. அவர் அம்மாவை அந்த நிலையில் பார்த்ததே இல்லை.

வாசற்படியில் நின்ற கணவர் பார்த்திருந்தார். அவர் உள்ளே வராமல் அங்கேயே நின்று, “போதும். எந்திரி” என்றார்.

“இருங்க. ஊசியா குத்தியிருக்கு” என்றார் அக்கா. கணவர் தோப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா அசையாமல் கிடந்தார். பிடித்த கை லேசாகச் சாய ஆரம்பித்த பிறகு சொன்னார்: “இது வேணாம் தம்பி. கனம். பட்டை இறுக்கும்போது நெஞ்சுல விழுந்துரும்.” மருமகளுடையதை வாங்கினார். அது சிறியது, ஒரு பக்கம் அகலமான ஓரம், அதில் இரண்டு பொத்தான்கள். அதையும் அதே அளவு நேரம் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலால் பக்கங்களைத் திருப்பினார். எழுத்தை அவர் படிக்கவில்லை, விரலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இது தேவலாம். வெரல் எட்டுது.”

அதையே எடுத்துக்கொள்ளும்படி மகன் சொன்னார். நான் மறுத்து, அதே போல ஒன்று அண்ணன் மகளிடம் சொல்லி வரவழைத்துக்கொள்வதாகச் சொன்னேன். புறப்படும்போது அக்கா பஸ் ஸ்டாண்டுவரை வரவில்லை, கூட்டத்தில் அவர் நிற்கக்கூடாது. வாசலில் நின்றே, “உங்களுக்கும் சீக்கிரம் அமைஞ்சிரும் தம்பி” என்றார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஊர் வரும்வரை வலது கை மரத்துப்போனது போல இருந்தது. நான் அதில் எதையும் பிடித்திருக்கவில்லை.

புதியது வந்து சேர்ந்ததும் கூடத்துக்கு எடுத்துப் போனேன். அன்று எனக்கு ஊசி போட்டவர் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சிஸ்டர். பழைய சிஸ்டர்களில் பாதிப் பேர் மாறிப் போய்விட்டார்கள். அவர் கருவியைப் பார்த்துவிட்டு, நீங்களே பார்த்து வாங்கியதா என்று கேட்டார். அக்கா பார்த்துச் சொன்னார் என்றேன்.

“உங்க கூடப் பொறந்தவங்களா சார்?”

“இல்ல. அந்தப் படுக்கையில இருந்தவங்க.”

ஊசியின் மேல் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்த அவர் கை நின்றது. அந்தக் கூடத்தில் ‘இருந்தவங்க’ என்றால் என்ன பொருள் என்பதை, வந்த சில வாரங்களிலேயே அவர் கற்றுக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தி, “எப்ப சார்?” என்றார்.

“இல்லம்மா” என்றேன். “நல்லா இருக்காங்க. பேராவூரணியில நல்லா இருக்காங்க.”

அவர் என்னை நம்பாதவர் போலப் பார்த்தார். பிறகு அடுத்த படுக்கையைப் பார்த்தார். அங்கே யாரோ ஒரு பெரியவர், போர்வையை முகம்வரை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.