உப்பு வெளியில் அறுந்த செருப்பு

என் தங்கை என் கண் முன்னாலேயே போய்விடுவாள், அதற்கு நான்தான் காரணம் என்று நினைத்து நடுங்கிய நாள் அது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அன்பானவர்களே. ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

நான் ராயபுரத்துக்காரன். பதினெட்டு வருஷமாக எண்ணூர் பக்கம் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். தங்கை ஸ்டெல்லாவின் கணவர் அந்தோணி ஜாம்பியாவில் மெக்கானிக். போன செப்டம்பரில் என்னை அங்கே வரவழைத்தார். மூன்று பேரும் அவருடைய ஜீப்பில் பக்கத்து நாடான போட்ஸ்வானாவைச் சுற்றிப்பார்க்கப் புறப்பட்டோம்.

மூன்றாம் நாள், வற்றிப்போன ஏரி ஒன்றின் உப்பு வெளிக்கு வந்தோம். மரமில்லை, கல்லில்லை, எந்தப் பக்கமும் வெள்ளை. பழைய வண்டித் தடத்தை விட்டு இறங்காதீர்கள் என்று வழியில் எச்சரித்திருந்தார்கள். ஸ்டியரிங் என் கையில். குறுக்கே போனால் தூரம் மிச்சம் என்றேன்; வேண்டாம் என்றார் பக்கத்தில் இருந்த அந்தோணி.

"மணலி ரோட்டுல டேங்கருங்க நடுவுல ஓட்றவன் மச்சான் நானு. இதெல்லாம் ஒரு ரோடா?" என்று சொல்லிக் குறுக்கே திருப்பினேன்.

கால் மணி நேரத்தில் மேலே இருந்த உப்பு உடைந்து, நாலு சக்கரமும் ஈரக் களிமண்ணில் இறங்கிவிட்டன. ஜாக்கி வைத்தால் ஜாக்கியே புதைந்தது. போனில் சிக்னல் இல்லை. உச்சி வெயில். ஸ்டெல்லாவுக்குச் சர்க்கரை வியாதி. காலையில் இன்சுலின் போட்டிருந்தாள். கடைசி பிஸ்கட்டும் தீர்ந்திருந்தது. சாப்பிடாமல் இருந்தால் அவளுக்குச் சர்க்கரை அளவு விழுந்துவிடும்.

"இவள பாத்துக்கோ மச்சான். நா போய் ஆளுங்கள இட்டுகினு வரேன்" என்று அந்தோணி நடந்தார். புள்ளியாகச் சிறுத்தார். பிறகு அந்தப் புள்ளியும் கானலில் கரைந்தது.

"அண்ணே, அவரு எங்கண்ணே? காணோமே" என்றாள் ஸ்டெல்லா. முகமெல்லாம் வியர்வை. பேச்சு குழறியது.

பல வருஷமாகக் கோயில் படி ஏறாதவன் நான். அந்த உப்பில் முட்டி போட்டேன். "ஆண்டவரே, தப்பு என்னுது. இதுங்க இன்னா பண்ணிச்சுங்க? அந்தோணிய திருப்பி அனுப்பு." வேறு வார்த்தை வரவில்லை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

கொஞ்ச நேரத்தில் கானலுக்குள் ஏதோ அசைந்தது. அந்தோணி நொண்டிக்கொண்டு வந்தார். பாதத்தில் ரத்தம்.

"செருப்பு அறுந்துபூட்ச்சி மச்சான். உப்பு காலைக் கிழிக்குது. நடக்க முடில."

அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஸ்டெல்லாவைப் பார்த்ததும் அவர் டூல்ஸ் பெட்டிக்குள் கைவிட்டு, டீக்கு வைத்திருந்த சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்தார். அது அங்கே இருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம். அவள் கண் தெளிந்தது.

பிறகு ஸ்டெப்னி டயரைப் படுக்கப் போட்டு, அதன்மேல் ஜாக்கியை வைத்தோம். இந்த முறை புதையவில்லை. ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, அடியில் ஜீப்பின் கால்மிதிகளையும் எங்கள் துணிமணிகளையும் திணித்தோம். நாலு மணிக்கு ஜீப் பின்னோக்கி நகர்ந்தது. வந்த தடத்திலேயே வெளியேறினோம்.

அன்று மாலை ஒரு கிராமத்தில் விசாரித்தோம். அந்தோணி நடந்துபோன திசையில் ஒரு குடிசைகூட இல்லை, மேலும் மேலும் உப்புதான் என்றார்கள். செருப்பு அறுந்திராவிட்டால்?

ஆண்டவருக்கு நன்றி. ஞாயிறு பூசையை இப்போது நான் விடுவதில்லை. பக்கத்தில் இருப்பவர் வேண்டாம் என்று சொன்னால், வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

தானாகத் தேடிக்கொண்ட கஷ்டத்துக்கு எந்த முகத்தோடு அவரிடம் போவது என்று உங்களில் யாராவது தயங்கலாம். தயங்காதீர்கள். நான் அந்த முகத்தோடுதான் போனேன். அவர் என் ஜெபத்தைக் கேட்டார்.