ஒன்றரைக் கிலோ தண்ணீர்

போன வருடம் மே மாதம், மழை பிடித்துக்கொண்ட சமயம். இரத்தினபுரியில் ஒரு பாடசாலை மண்டபத்தில் மாகாண அணிக்கு ஆள் எடுக்கும் பவர்லிஃப்டிங் போட்டி. பாரம் தூக்குகிற போட்டிதான். நான் புளத்கொகுபிட்டியப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். வேலை கேகாலையில் ஒரு துணிக்கடையில். கடை முடிந்ததும் பக்கத்து ஜிம்மில் ஒரு மணி நேரம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். பொம்பளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று லயமே பேசியது. அப்பா ஒரு கெடு வைத்துவிட்டார். இந்தப் போட்டியில் அணிக்கு எடுபட்டால் தொடரலாம், இல்லாவிட்டால் ஜிம்முக்கு முழுக்கு.

ஒவ்வொரு எடைப் பிரிவிலும் முதல் மூன்று பேரை எடுப்பார்கள். என் பிரிவு ஐம்பத்திரண்டு கிலோ வரை. என் எடை ஐம்பத்தொரு கிலோ எழுநூறு கிராம். அந்தப் பிரிவில் எனக்கு ஈடாகத் தூக்கக்கூடியவள் ஒருத்திதான். ஒழுங்காகப் போய் நின்றாலே போதும். ஆனால் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி எனக்கு ஏதோ ஒரு வழியில் சொந்தக்காரராகத்தான் இருக்க வேண்டும்.

ஜிம்மில் பலர் கிரியேட்டின் என்று ஒரு வெள்ளைப் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடிப்பார்கள். வாசமும் கிடையாது, ருசியும் கிடையாது. பாரம் தூக்கத் தெம்பு கொடுக்குமாம். எனக்குப் பயிற்சி கொடுக்கும் மாஸ்டரிடம் கேட்டேன். நல்ல சாமான்தான், தினம் ஒரு சின்னக் கரண்டி போதும், ஆனால் போட்டி முடிந்த பிறகு தொடங்கு என்றார். எனக்கு ஏது அவ்வளவு பொறுமை? முதல் வாரம் நாளுக்கு நாலு கரண்டி போட்டால் சீக்கிரம் பலன் தெரியும் என்று ஒருவன் வீடியோவில் சொன்னான். மாஸ்டரை விட அவன் பெரிய ஆளாகத் தெரிந்தான். ஒரு டப்பா வாங்கி, போட்டிக்கு ஆறு நாள் இருக்கும்போது யாருக்கும் தெரியாமல் ஆரம்பித்தேன்.

பொய் சொல்லக் கூடாது, பலன் தெரிந்தது. வழக்கமாக ஐந்தாவது தடவையில் சோர்ந்துவிடும் கை ஏழாவது தடவையும் தூக்கியது. எனக்குக் கால் தரையில் படவில்லை. சாப்பாடு கூடவில்லையே, எடை எங்கே கூடப்போகிறது என்று தராசுப் பக்கமே போகவில்லை.

போட்டிக்கு அம்மாவும் கூட வந்தார். கொழுந்து பறிக்கும் அம்மா, ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு, குடையும் சோற்றுப் பார்சலுமாக இரண்டு பஸ் மாறி வந்தார். நான் தூக்குவதை அவர் அதுவரை பார்த்ததே இல்லை.

பெண்களுக்கு எடை பார்க்கத் தனி அறை. மேசையில் ஒரு சிங்கள மிஸ் இருந்தார். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருப்பவராம். நான் தராசில் ஏறினேன். ஐம்பத்து மூன்று கிலோ இருநூறு. இறங்கி மறுபடியும் ஏறினேன். அதே இலக்கம். ஒன்றேகால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, என் பிரிவுக்கு வெளியே நின்றேன்.

எடை பதிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வியர்க்கட்டும் என்று மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பாடசாலை விறாந்தையில் மேலும் கீழும் ஓடினேன். எச்சில் கூட விழுங்காமல் துப்பினேன். திரும்ப வந்து ஏறினால் குறைந்தது நூறு கிராம். கண்ணீரைத்தான் நிறுக்கவில்லை. அறை வாசலுக்கு வந்தபோது யாரோ ஒரு வெளியூர்ப் பையன் ஒரு மாத்திரையை என் கையில் திணித்து, இதைப் போட்டால் தண்ணீர் எல்லாம் மூத்திரமாய் இறங்கிவிடும் என்றான். வாய்க்குக் கொண்டுபோய்விட்டேன். அந்த மிஸ் எழுந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இது போட்டிக்குத் தடை செய்த மருந்து. அதுவும் பாரம் தூக்கப்போற நேரத்துல இரத்தத்துல இருக்கிற தண்ணி வத்தினா மயங்கி விழுவே. என்ன சாப்பிட்டே, உண்மையச் சொல்லு" என்று சிங்களத்தில் கேட்டார். டப்பா கதையைச் சொல்லிவிட்டேன். வாசலில் நின்ற மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். மிஸ் சிரித்தார். விஷம் எதுவும் இல்லை, அந்தப் பவுடர் தசைக்குள் போய்ச் சேரும்போது தண்ணீரையும் கூட இழுத்துக்கொண்டு போகும், உனக்குக் கூடியது முக்கால்வாசியும் தண்ணீர்தான் என்றார்.

தண்ணீர் என்றதும் அம்மா முன்னுக்கு வந்தார். அம்மாவின் சிங்களம் என்னுடையதை விடச் சுத்தம். அவர் கேட்டதை எங்கள் பேச்சில் சொல்கிறேன். "மிஸ், எங்க தோட்டத்துல மழ நாள்ல கொழுந்து நிறுத்தா, ஈரத்துக்குன்னு ரெண்டு கிலோ மூனு கிலோ கழிச்சிட்டுத்தாங்க எழுதுவாங்க. இவளுக்கும் தண்ணிதானே கூடியிருக்கு? அதக் கழிச்சிட்டு எழுதுங்களேன்."

அங்கே இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. மிஸ் மட்டும் சிரிக்கவில்லை. கொழுந்தில் இருப்பது வெளியே ஒட்டிய மழைத் தண்ணீர், உதறினால் போய்விடும், இது உங்கள் பிள்ளையின் சதைக்குள்ளேயே இருக்கிறது, உதற முடியாது என்று நிதானமாகச் சொன்னார்.

அம்மா என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "உள்ளுக்குள்ள இருக்கிற ஈரமா? அப்பன்னா அது அவ கனந்தாங்க. அதுக்குக் கழிக்கக் கூடாது. எங்களுக்கு அப்படிக் கழிக்கிறப்ப நாங்க சண்ட போடுறோமே" என்றார். வாழ்நாள் முழுக்கத் தராசோடு சண்டை பிடித்த மனுஷி, சொந்த மகளுக்கு எதிராகவே நியாயம் சொல்லிவிட்டுப் போய்க் கதிரையில் உட்கார்ந்துகொண்டார்.

மாஸ்டர் கேட்டுக்கொண்டதில் என் பெயரை மேல் பிரிவுக்கு, ஐம்பத்தேழு கிலோவுக்கு, மாற்றி எழுதினார்கள். அங்கே ஐந்து பேர். எல்லோரும் என்னை விடப் பருமன். முதல் இரண்டு சுற்று முடியும்போது நான் நாலாவது. கடைசிச் சுற்று, தரையில் கிடக்கும் பாரத்தை இடுப்பு வரை தூக்கி நிமிர்வது. மூன்றாவதாக இருந்தவள் முடித்துவிட்டாள். எனக்கு ஒரே ஒரு தடவை மிச்சம். மாஸ்டர் கணக்குப் பார்த்துவிட்டு, நூற்றுப் பதினைந்து தூக்கினால் மொத்தத்தில் அவளும் நீயும் சமம், சமமாக வந்தால் எடை குறைந்தவளுக்குத்தான் இடம், இந்தப் பிரிவிலேயே நீதான் குறைவு என்றார். நான் அதுவரை தூக்கியதில் அதிகம் நூற்றுப் பத்து.

குனிந்து இரும்பைப் பிடித்தேன். முதலில் அது அசையவே இல்லை. "எடு புள்ள!" என்று மண்டபத்துக்கே கேட்கும்படி ஒரு சத்தம். மலையில் ஒரு தேயிலை நிரையிலிருந்து இன்னொரு நிரைக்குக் கூப்பிடுகிற அம்மாவின் குரல். பாரம் தரையை விட்டது. முழங்காலைத் தாண்டும்போது கண் இருட்டியது. என் கால், என் முதுகு, என் கை எல்லாம் என்னைக் கேட்காமலேயே வேலை செய்துகொண்டிருந்தன. இப்படி ஒரு உடம்பு எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது. நிமிர்ந்து நின்றபோது தூக்கியது சரி என்று நடுவர்களின் மூன்று வெள்ளை விளக்கும் எரிந்தன. மூன்றாம் இடம். அப்பாவின் கெடு தீர்ந்தது.

வெளியே மாஸ்டர் வாங்கிக் கொடுத்த தேநீரைக் குடிக்கும்போது மிஸ் வந்தார். ஆறு நாளில் உனக்கு எடை நன்றாகவே கூடியிருக்கிறது, வீட்டில் இறைச்சி, மீன் சாப்பிடுவது குறைவா என்று கேட்டார். அந்தப் பவுடரில் இருக்கும் சத்தை உடம்பே கொஞ்சம் செய்துகொள்ளுமாம், மிச்சம் இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் வருமாம். அவற்றைக் குறைவாகச் சாப்பிடுகிறவர்களின் தசையில் இருப்பும் குறைவாம். அதனால் பவுடர் போனதும் மளமளவென்று நிரம்பிவிடுமாம்.

அம்மாதான் பதில் சொன்னார். "எறச்சி எடுப்போம் மிஸ், மாசத்துக்கு ரெண்டு தரம். அவங்கப்பாவுக்கும் புள்ளைகளுக்கும் போடுவேன். எனக்குக் கொழம்பு போதும்."

மிஸ் அம்மாவின் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இத்தனை வருடம் பார்த்த அதே மெலிந்த, கறுத்த, நரம்போடிய கை. ஆறு நாள் நாலு நாலு கரண்டி போட்ட நான் ஒரு பாரத்தை ஒரு தடவை நிமிர்த்திவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். இந்த மனுஷி ரொட்டியும் சம்பலும் குழம்புமாகத் தின்றுவிட்டு, இருபது கிலோக் கொழுந்தை முதுகில் சுமந்து, அட்டை கடிக்கக் கடிக்கச் சரிவு ஏறி இறங்கியிருக்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

இப்போதும் ஜிம்முக்குப் போகிறேன், மாஸ்டர் சொன்ன அளவில் அந்தப் பவுடரும் குடிக்கிறேன். ஆனால் பலசாலி என்று யாராவது என்னைப் பாராட்டும்போதெல்லாம், எங்களுக்கெல்லாம் இறைச்சியைப் பகிர்ந்துவிட்டு வெறும் குழம்போடு மலை ஏறிய ஒருத்தியின் பலத்துக்கு முன்னால் என் பலம் எம்மாத்திரம் என்று மனது குனிந்துவிடுகிறது.