பீப்பாய்கள் கிளம்பிய நாள்

அவளுக்குப் பட்டாசு அக்கா என்று பேர். தையல்காரி. வாயைத் திறந்தால் படபடவென்று பொரிவாள். இவள் பேச்சுக்கு யாராவது பதில் சொல்லட்டும் பார்க்கலாம் என்றுதான் தெருக்காரர்கள் ஓட்டுப் போட்டு அவளை நகர்மன்றத்துக்கு அனுப்பினார்கள்.

எங்கள் தெருக்கோடியில் மூடிப்போன சாயத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. முதலாளி கம்பி நீட்டிவிட்டார். துருப்பிடித்த ரசாயனப் பீப்பாய்கள் மட்டும் மிச்சம். மழை பெய்தால் வாசலில் ஊதாத் தண்ணீர் ஓடும்.

"அது மேலிடத்து வேலைம்மா, நமக்கு எதுக்கு வம்பு?" என்று கழன்றுகொள்வார் நகர்மன்றத் தலைவர்.

"சரிங்கய்யா. அடுத்த கூட்டத்த அந்த கேட்டு முன்னாடி வச்சுக்கலாமா? இங்க ஃபேன் வேற ஓடல" என்றாள் அக்கா ஒருநாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று எல்லோரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்கள். அக்கா நிஜமாகவே நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள். கூட்டம் தொடங்கியதும் காற்று பீப்பாய்ப் பக்கமிருந்து வீசியது. தலைவர் எழுந்தார்.

"இந்தத் தீர்... அச்! தீர்மா... அச்!"

கண்ணில் நீர் வழிய, சிரிப்பும் தும்மலுமாக அத்தனை பேரும் கைதூக்கினார்கள். தீர்மானம் இதுதான்: பாதையும் தண்ணீரும் காவலும் நகராட்சி தரும். பீப்பாய்களைச் சுற்றுச்சூழல் துறை அள்ள வேண்டும். லாரி எந்த வழியாகப் போவது என்பதை இரு தரப்பும் பேசி முடிவுசெய்ய வேண்டும்.

துறை அதிகாரி சண்டைக்கு வருவார் என்று நினைத்தோம். அவரோ ஓடிவந்து கும்பிட்டார். "லாரி போக வழியில்லாமத்தாங்க இத்தன நாளா முழிச்சிட்டிருந்தேன். பள்ளிக்கூடத் தெரு வழியா விட மனசு வரல." நகராட்சி பின்பக்க மதிலை இடித்துப் பாதை போட்டது.

பீப்பாய்களை ஏற்றும் நாளில், மேற்பார்வைக்கு அக்காவுக்கும் பாதுகாப்பு உடை கொடுத்தார்கள். தலையிலிருந்து கால்வரை ஒரே பை. கால் பக்கம் ஒரு முழம் அதிகம். அக்காவின் கை தானாகக் கத்தரிக்கோலை எடுத்தது.

"ஐயையோ, வெட்டிடாதீங்க!" அதிகாரி பாய்ந்து பிடுங்கினார். "ஓட்டை விழுந்தா உள்ள போக முடியாது!"

கால்களை மடித்து டேப் ஒட்டியதும் வாத்து மாதிரி நடந்தாள். கடைசி லாரி வெளியேறியதும், உடையைக் கழற்றிக் குளித்துவிட்டு வந்தவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தலைவரின் கையைப் பிடித்து நடுரோட்டில் சுற்றினாள். அந்த வழியாகப் பஸ் ஓட்டிவந்த அவள் புருஷன் பிரேக்கைப் போட்டான்.

"யாருய்யா அது, ரோட்ல ஆடுறது?" என்றார் ஒரு பயணி.

"எம்பொண்டாட்டிதாங்க!" என்று ஹாரனை விடாமல் அடித்தான். பஸ்ஸே இறங்கிவந்து ஆடியது.

ரசாயனம் ஊறிய மண்ணைத் தோண்டியெடுக்க இன்னும் நாளாகும் என்று அதிகாரி கத்திக் கத்திச் சொன்னார். ஆடிக்கொண்டேதான் சொன்னார்.